கலெக்டர் கொடுத்த கார்

சக்கரபாணி எங்கள் வீட்டுப் படியேறியது அதுதான் முதல் தடவை. சலவை வேட்டி, கழுத்தில் சங்கிலி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். உள்ளே வந்தவன் எங்கள் ஒற்றை அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மூக்கைத் தடவிக்கொண்டான். அவன் என் தம்பி. அப்பா ஒருவர்தான், அம்மா வேறு. நான் கைக்குழந்தையாக இருந்தபோது என் அம்மா மணியம்மாளை விரட்டிவிட்டு இவனுடைய அம்மாவைக் கட்டிக்கொண்ட மகராசன் எங்கள் அப்பா. அவர் போன பிறகு வேங்கிக்கால் வீடும் ரைஸ்மில்லும் இவனுக்கு. பேகோபுரத் தெருவில் வாடகை அறையும், பெண்கள் பள்ளியில் சரித்திர டீச்சர் வேலையும் எனக்கு.

"அக்கா, நம்ம ஊட்டு நீராவிக் கார ரெடி பண்றேன். மெட்ராஸ்ல பழைய காருங்கள ஊர்கோலம் உடுறாங்களாம். அதுல சேரணும்னா வண்டி எங்கேர்ந்து வந்துச்சு, யாரு வாங்கனதுன்னு சரித்திரம் எழுதிக் குடுக்கணுமாம். நீங்கதான் படிச்சவங்க."

"என்னன்னு எழுதணும் ஒனக்கு?"

"அப்பா ஜவ்வாது மலையில புலி சுட்டாரில்ல? அதுக்கு வெள்ளைக்காரக் கலெக்டர் சந்தோசப்பட்டுக் குடுத்த காருன்னு."

புலியாம்! எங்கள் அப்பா செய்ததாக எனக்குத் தெரிந்த ஒரே வீரச்செயல், கட்டினவளை "வெறுங்கையோட வந்தவ" என்று சொல்லித் தெருவில் நிறுத்தியதுதான். அந்தப் பட்டம் அம்மாவைவிட்டுப் போகவே இல்லை. கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்காரும்போதுகூட யாராவது ஒருத்தி பக்கத்தில் இருப்பவள் காதில் அதைச் சொல்வாள். அம்மா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாள்: "அந்தக் காரே எங்கப்பன் எனக்குச் சீராக் குடுத்ததுடி." போளூரில் மணிலாக்கொட்டை வியாபாரம் செய்த அவள் அப்பா முருகையன், மெட்ராஸ் ஏலத்தில் எடுத்துக் கொடுத்தாராம். ஊரில் ஒரு ஜீவன் நம்பியதில்லை. காரைச் சீராகக் கொண்டுவந்தவளா வீட்டுக்கு வீடு வடகம் விற்கிறாள் என்று சிரித்தார்கள். அம்மா சொன்னதற்கு ஒரு சாட்சி கிடைக்குமா என்று பார்க்கத்தான் சக்கரபாணியிடம் சரி என்றேன். அவன் வாழைப்பழத்துக்காக அல்ல.

கார் அவன் வீட்டுப் பின்கட்டில், கிணற்றுக்கு எதிரே தகரக் கொட்டகையில் நின்றிருந்தது. லாரி மெக்கானிக் இருசப்பன் அதைக் கழற்றித் தரையெல்லாம் பரப்பியிருந்தான். சக்கரபாணி பட்டு ஜிப்பாவோடு அதன்மேல் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அதில் எது முன்பக்கம் என்று தெரிந்திருந்தாலே பெரிய விஷயம். ரமணாசிரமத்துக்கு வந்திருந்த ஒரு வயதான ஜெர்மன்காரரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அமெரிக்காவில் செய்த வண்டி என்றார். மற்ற விவரமெல்லாம் முன்னால் இருக்கிற பித்தளைத் தகட்டில் இருக்கும் என்றார். குனிந்து பார்த்தேன். தகட்டில் என் முகம்தான் தெரிந்தது.

எப்படித் தெரியாமல் போகும்? வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் தேய்தேய் என்று தேய்த்திருக்கிறார்கள். பெயர், நம்பர், வருஷம் எல்லாம் பக்தியில் கரைந்துபோய்விட்டது. ஓடாத வண்டி அது. சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்க வேண்டுமே என்று ரைஸ்மில் ஆட்களை விட்டுப் பின்னாலிருந்து தள்ளுவார்கள். சின்ன வயதில் அந்தக் கூத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். அப்பா நெற்றி நிறைய விபூதியோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பெரிய டிரைவர் மாதிரி.

லீவு போட்டு மெட்ராஸுக்குப் போனேன். ஏலக் கம்பெனியில் அந்தக் காலத்துக் காகிதமெல்லாம் கரையானுக்குப் போய்விட்டது என்றார்கள். போளூரில் தாத்தாவின் மண்டி இருந்த இடத்தில் சைக்கிள் கடை இருந்தது. திரும்பி வந்த அன்று அம்மா தட்டை வைத்து ரசத்தை ஊற்றினாள். புலிக்கதையை எழுதிக் கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

மறுவாரம் கொட்டகைக்குப் போனபோது இருசப்பன் சீட்டுக்கு அடியிலிருந்த செம்புத் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி வெளியே வைத்திருந்தான். ஓட்டையை ஈயம் வைத்து அடைக்க வேண்டுமாம். சீட்டுக்கு அடியில் பூஜை எட்டவில்லை. அதனால் களிம்பு பச்சையாகப் பிடித்துக் கிடந்தது. அவன் தேய்க்கத் தேய்க்கச் செம்பு சிவந்தது. அதில் புள்ளிப் புள்ளியாக எழுத்து வந்தது.

"டீச்சர், இன்னா இது, குடத்துல வெட்ற மாதிரி பேரு வெட்டிக்கீது?"

மு. மணியம்மாள், போளூர்.

தாத்தாவுக்கு அந்தப் பைத்தியம் உண்டென்று அம்மா சொல்லியிருக்கிறாள். சீர்ப் பாத்திரம் என்றால் தாளிக்கிற கரண்டிவரை ஆள் வைத்து மகள் பெயரை வெட்டிவிட்டுத்தான் அனுப்புவாராம். அவ்வளவு பெரிய செம்பைக் கண்டால் விடுவாரா மனுஷன்? "மவராசா, நல்லா வெட்டுன போ!" என்று வாய்விட்டே சொன்னேன்.

சக்கரபாணி வந்து பார்த்தான். முகம் செத்துவிட்டது. ஆனாலும் வாய் ஓயவில்லை.

"எவளோ ஒரு மணியம்மா. ஊர்ல ஆயிரம் மணியம்மா இருப்பாங்க. இருசப்பா, அது மேல பெயிண்ட அடி. அக்கா, நீங்க புலியவே எழுதுங்க."

நேரே வீட்டுக்குப் போய் அம்மாவை டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்தேன். துரத்தப்பட்ட பிறகு அந்த வீட்டுக்குள் அவள் கால் வைத்ததில்லை. பக்கவாட்டுச் சந்து வழியாக, யாரையும் கேட்காமல், பின்கட்டுக்கு வந்தாள். பெயிண்ட் டப்பாவைத் திறந்த இருசப்பன் மூடிவிட்டு எழுந்து நின்றான். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, தன் பெயரைத் தவிர. தொட்டியின் முன் உட்கார்ந்து புள்ளிகளின்மேல் விரலை ஓட்டினாள். கடைசிப் புள்ளி வந்ததும் திரும்ப முதலிலிருந்து ஓட்டினாள்.

"அம்மா, ஒங்களுக்கு இன்னா வேணுமோ கேளுங்க," என்றான் சக்கரபாணி. திடீரென்று அம்மாவாம்! "இத்த மட்டும் வெளியில சொல்லாதீங்க. மானம் போயிடும். இது ஆரோ ஒரு மணியம்மா..."

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆயிரம் மணியம்மா இருக்கட்டும்பா. தெனம் நீ குளிக்கிற அண்டாவுல எந்த மணியம்மா பேரு கீதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

நாங்கள் எல்லோரும் கிணற்றடியைப் பார்த்தோம். அங்கே அவன் பெண்டாட்டி திரௌபதி பெரிய பித்தளை அண்டாவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, எங்கள் பக்கம் இருந்த அதன் வயிற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துவரை தண்ணீர் நிரப்பிய அண்டா. அது நகரவில்லை. அவள் இழுக்கிற இழுப்புக்குத் தண்ணீர் மட்டும் தளும்பி, புடவையை நனைத்து, எங்களை நோக்கி ஓடிவந்தது.