எட்டுக்கு வைத்த மீன்

வாய்க்கரிசி போடக் குனிந்த புஸ்பராணியின் கை அரிசியோடு அப்படியே நின்றது.

"எட்டுப் படையலுக்குப் பாரையும் விளைமீனும் நான் எசனிலயிருந்து கொண்டு வாறன்," என்றார் பெட்டியின் தலைமாட்டில் நின்ற பரராசசிங்கம். சொன்னது அவளுக்கில்லை. வேட்டி சால்வையோடு உள்ளே கிடந்த தம்பிக்கு. "நீ ஒண்டுக்கும் யோசியாதை யோகன். உனக்கு ஊர் மீன்தான் வைப்பம்."

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் அதைக் கேட்டு இன்னும் அழுதார்கள். புஸ்பராணிக்கு வந்த அழுகை வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. அவள் புருசன் யோகலிங்கத்தின் முகத்தைப் பார்த்தாள். காலைமுறை வேலை முடித்து, உடுப்பு மாற்றுகிற அறையில் வாங்கில் குந்தியிருந்து ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்றாமலே சரிந்துபோன மனுசன். நித்திரை கொள்கிற மாதிரித்தான் கிடந்தார். நல்லாய்ப் படுத்திரும், என்று நினைத்தாள். நீர் சொன்ன பொய்யை என்ர தலையில கட்டிப்போட்டு நீர் பாட்டுக்குப் போயிட்டீர்.

"போடுங்கோ அம்மா," என்றார் பீலெஃபெல்டிலிருந்து வந்த ஐயர். அவள் போட்டாள்.

ஜேர்மனியின் வடகரையில், பிறேமர்ஹாவன் மீன்துறைமுகத்தில் யோகலிங்கம் செய்தது மீன் வெட்டுகிற வேலை. ஐஸ்லாந்துக்கும் கிறீன்லாந்துக்கும் நடுவில், வெளிச்சம் எட்டாத ஆழத்தில் கிடக்கிற றோட்பார்ஷ் என்ற சிவப்பு மீன்தான் அவருடைய மேசைக்குக் கூடுதலாக வரும். மேலே இழுக்கும்போது அமுக்கம் விட்டுக் கண் பிதுங்கி வந்திருக்கும். இரண்டு பக்கச் சதையையும் வழித்து எடுத்தால் வேலை முடிந்தது. தலையும் நடுமுள்ளும் வாய்க்கால் வழியே மீன்மா ஆலைக்குப் போய்விடும். கன்னத்திலே கைநிறையச் சதை இருக்கிற தலை அது. யோகலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. மேற்பார்வைக்காரனைக் கேட்டு வெள்ளிக்கிழமைகளில் ஒரு பை நிறையத் தலை கொண்டுவருவார். புஸ்பராணி தேங்காய்ப்பாலும் பழப்புளியும் விட்டுச் சொதி வைப்பாள். மனுசன் சட்டியைத் தன்பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு, கண்ணை உறிஞ்சி, கன்னத்தைத் தோண்டி, பேச்சுமூச்சில்லாமல் சாப்பிடுவார்.

பரராசசிங்கம் முதன்முதல் இந்த வீட்டுக்கு வந்த அன்று அந்தப் பை கழுவுதொட்டிக்குள் கிடந்தது. தம்பியை ஜேர்மனிக்குக் கூப்பிட்டவர் அவர்தான். அவனுக்காக அலைந்ததில் தன் கலியாணத்தையே தள்ளிப்போட்டவர்.

"இதென்ன யோகன், வேலையில எறியிற தலையள் போல கிடக்கு?"

"அது... கீழ்வீட்டுக் கிழவியின்ர பூனைக்கு அண்ணை."

"அதானே பாத்தன். வெள்ளைக்காரன் எறியிறதை எடுத்துத் தின்னவோ நான் உன்னைக் கூப்பிட்டனான்?"

அவ்வளவுதான். அன்றைக்கு யோகலிங்கம் இன்னும் ஒன்று சொல்லிவைத்தார். உந்த வடகடல் மீன் வெறும் மரத்தூள் அண்ணை, எங்கட பாரைக்குக் கிட்ட நிக்குமோ? அண்ணனின் கண் கலங்கிவிட்டது. அடுத்தமுறை வரும்போது தான் இருக்கிற எசன் நகரத்துத் தமிழ்க்கடையில் உறைந்த பாரை வாங்கி, நீல ஐஸ்பெட்டியில் அடைத்துக்கொண்டு வந்தார். பின்னால் வைத்தால் குலுங்கும் என்று காரின் முன்சீற்றில் வைத்து, பெல்ட் போட்டு, மனுசரைக் கூட்டிவருகிற மாதிரிக் கொண்டுவந்தார். அதன்பிறகு வராத வருசமில்லை. திரும்பிப் போகும்போது வெறும்பெட்டி பின்டிக்கியில் கடகடவென்று உருண்டுகொண்டு போகும். "பூனை சுகமோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "சுகம் அண்ணை," என்பார் யோகலிங்கம். புஸ்பராணி அடுப்படிக்குள் போய்ச் சிரிப்பாள். அந்தப் பூனை போல நீண்ட ஆயுளோடு இருந்த பூனை உலகத்தில் இல்லை.

இப்போது எட்டு வருகிறது. செத்த துடக்கு வீட்டில் இவ்வளவு நாளும் மரக்கறி. எட்டாம் நாள்தான் மச்சம் சமைத்து, செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதை எல்லாம் இலையில் படைப்பது. விருப்பமில்லாததை வைத்தால் ஆவி வாசலோடு திரும்பிவிடும் என்று நம்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். புஸ்பராணி அந்த ரகமில்லை. ஆனால் அந்த வாய்க்குக் கடைசியாக வைக்கிற சோறு. அதிலும் பொய் வைக்கச் சொன்னால் அவளால் ஏலாது.

செத்து ஐந்தாம் நாள் தகனம் முடிந்து வந்த உடனேயே பீலிக்சைக் கூப்பிட்டாள். பக்கத்து மேசையில் நின்று யோகலிங்கத்தோடு மீன் வெட்டியவன், யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பெடியன்.

"தம்பி, எட்டுக்கு றோட்பார்ஷ் வேணும். தலையோட."

பீலிக்ஸ் தலையைச் சொறிந்தான். "தலையோட எண்டால் கஷ்டம் அக்கா. இப்ப கப்பல் எங்க வருது? அங்கயே வெட்டி, துண்டாக்கிக் கொன்டெய்னரில அனுப்புறாங்கள். மேசையளில பாதி சும்மா கிடக்கு. அண்ணை தலை கொண்டுபோய் எவ்வளவு காலம், யோசிச்சுப் பாருங்கோ."

அது உண்மைதான். கடலில் பிடிபடுவது வருசாவருசம் குறைகிறது என்று யோகலிங்கம் செய்தியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமைச் சொதி மாசத்துக்கு ஒன்றாகி, பிறகு தீபாவளிக்கு ஒன்றாகிப் போயிருந்தது. புஸ்பராணி முன்பு வேலைசெய்த இறால் ஆலையும் அப்படித்தான். வடகடலில் பிடித்த இறால் லொறி ஏறி மொரோக்கோவுக்குப் போய், அங்கே உரிபட்டுத் திரும்பி வரத் தொடங்கிய அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஏலத்துக்கு ஒரு பெட்டியாவது வராதே?"

"ஐஸ்லாந்துப் பக்கம் ஒரே காத்தாம். வந்தால் எடுத்துத் தாறன் அக்கா. வராட்டி என்னைக் கோவிக்கக்கூடாது."

"வரும்," என்றாள் புஸ்பராணி. ஏதோ கப்பலே தன்னுடையது என்கிற மாதிரித்தான் சொன்னாள். பீலிக்ஸ் படியிறங்கிப் போனான்.

எட்டன்று காலையிலேயே பரராசசிங்கத்தின் கார் வந்துவிட்டது. நீல ஐஸ்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. புஸ்பராணியின் மகள் யதுசா ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தாள்.

"விடு பிள்ளை, என்ர தம்பிக்கு நான்தான் தூக்கோணும்."

குளித்து, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நேரே அடுப்படிக்குள் இறங்கினார். புஸ்பராணியைப் பார்த்து, "நீ இங்காலை வராதை பிள்ளை, படத்தடியில இரு. சமையல் என்ர பொறுப்பு," என்றார். புருசனைப் பறிகொடுத்தவள் இந்த நாளில் அடுப்படிக்குப் போவதில்லை. அவள் முன்னறையில் யோகலிங்கத்தின் படத்துக்கு முன்னால் இருந்தாள். பாரை இளகுகிற வாசம் வந்தது. அது மீன்வாசமில்லை. பழைய ஐஸ்பெட்டியின் வாசம். நல்லெண்ணமும் அன்பும் நிறைந்த பெட்டி, அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் வில்லங்கமே.

பேசாமல் இருந்துவிடுவோமா என்றும் நினைத்தாள். பரராசசிங்கம் அத்தானுக்கும் வயது போய்விட்டது. அவருக்கு மிச்சமிருப்பது தம்பிக்கு மீன் கொண்டுவந்து கொடுத்த சந்தோசம் ஒன்றுதான். அதையும் பிடுங்குவதா?

அப்போது மணி அடித்தது. கதவைத் திறந்தது பரராசசிங்கம். வாசலில் பீலிக்ஸ், கையிலே ஈரப்பையோடு நின்றான். பைக்குள் நாலு மீன், செக்கச்சிவந்து, பிதுங்கின கண்ணோடு.

"ஏலத்தில கடைசிப் பெட்டி அக்கா. சண்டைபிடிச்செல்லோ எடுத்தனான்," என்றான் உள்ளே பார்த்து.

"உதென்னத்துக்குத் தம்பி?" என்று பரராசசிங்கம் கேட்டார். "யோகனுக்கு உந்த மீன் கண்ணிலயும் காட்டேலாதே."

பீலிக்ஸ் புஸ்பராணியைப் பார்த்தான். அவள் எழுந்து வந்து பையை வாங்கினாள். பாரமாக இருந்தது. கையில் அந்தக் குளிர் பட்டதும், மூன்று நாளாகக் கிடந்த யோசனை எல்லாம் தீர்ந்துபோயிற்று.

"அத்தான், அவருக்கு இதுதான் விருப்பம்."

"ஆர் சொன்னது? எனக்கு அவன் எத்தினைதரம் சொன்னவன்."

"உங்களுக்குச் சொன்னவர்."

பரராசசிங்கம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். யதுசா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள்.

"அப்ப நான் கொண்டுவந்த மீன்?"

"ஒரு துண்டும் எறியேல்லை அத்தான். எல்லாம் சாப்பிட்டனாங்கள். நீங்கள் பாத்துக்கொண்டிருக்க அவர் ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிடுவாரெல்லே, அது மீனுக்காக இல்லை. உங்களுக்காக." பையிலிருந்து ஒரு மீனைத் தூக்கிக் காட்டினாள். "அவருக்குப் பிடிச்சது இதின்ர தலை. வேலையில எறியிற தலை. பழப்புளிச் சொதி வைப்பன். உங்களுக்குத் தெரிஞ்சால் மனம் நோவீங்கள் எண்டு கடைசிவரைக்கும் சொல்லேல்லை. இண்டைக்கும் நான் சொல்லாட்டி, அவர் இலையில வந்து இருந்தும் உங்களுக்காகத்தான் சாப்பிட்டுப் போகோணும். எனக்கு அது பாவமாக் கிடக்கு."

பீலிக்ஸ் கழற்றின சப்பாத்தைத் திரும்பப் போடுவதா விடுவதா என்று தெரியாமல் நின்றான்.

"அப்ப கீழ்வீட்டுப் பூனை?" என்று கடைசியில் பரராசசிங்கம் கேட்டார்.

"கீழ்வீட்டில பூனையே இல்லை அத்தான்."

அவர் போய் அடுப்படிக் கதிரையில் இருந்தார். கொஞ்சநேரம் ஐஸ்பெட்டியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு எழுந்து கத்தியை எடுத்தார்.

"தா பிள்ளை. வெட்டித் தாறன்."

"முள்ளுக் கவனம் அத்தான்," என்று அவள் சொல்லி முடிக்கவில்லை, முதுகுமுள் அவருடைய பெருவிரலில் ஏறிவிட்டது. றோட்பார்ஷ் முள் சும்மா முள் இல்லை, கடுக்கும். "வாயில வைக்காதேங்கோ. சுடுதண்ணிக்குள்ள பிடியுங்கோ." கோப்பையில் தண்ணீர் விட்டுக் கொடுத்தாள்.

விரலைத் தண்ணீருக்குள் விட்டபடி அவர் கேட்டார். "யோகனுக்கும் இப்பிடிக் குத்துறதோ?"

"வந்த புதிசில விரல் பத்தும் வீங்கிப்போய்க் கிடந்தது. உங்களோட ரெலிபோனில கதைக்கேக்க றிசீவரைத் தோளில வச்சுத்தான் கதைப்பார்."

"எனக்கு அவன் ஒபிஸ் மாதிரிச் சுத்தமான இடமெண்டெல்லோ சொன்னவன்," என்றார் பரராசசிங்கம். அப்போதுதான் அழுதார். தகனச்சாலையில் எல்லாருக்கும் முன்னால் நின்று கட்டளை போட்ட மனுசன், கோப்பைக்குள் விரலை விட்டுக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதார். புஸ்பராணியும் அழுதாள். செத்த நாள் தொட்டு அவளுக்கு வராமல் நின்ற அழுகை அது. அழுதுகொண்டே பழப்புளியைக் கரைத்தாள். அடுப்படிக்கு வராதே என்று அவளை ஒருவரும் சொல்லவில்லை.

மத்தியானம் இலை போட்டார்கள். சோறு, கறிகள், பொரித்த முட்டை, அவர் விரும்புகிற கறுப்புப் பியர் ஒரு போத்தல். நடுவிலே சொதிச்சட்டி, அதற்குள் சிவப்புத் தலை. பரராசசிங்கம் பாரைக் குழம்பைக் கையில் எடுத்தார், பிறகு திரும்ப வைக்கப் போனார்.

"அதையும் வையுங்கோ," என்றாள் புஸ்பராணி. "நீங்கள் கொண்டுவந்ததெண்டு அவர் விரும்பிச் சாப்பிட்டவர். அதுவும் பொய்யில்லை."

கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே படிக்கட்டில் நின்றார்கள். செத்தவர் வந்து சாப்பிடுகிற நேரம். யதுசா சுவரில் சாய்ந்து நின்று, "அப்பா முதல்ல கண்ணைத்தான் எடுப்பார்," என்றாள். பீலிக்ஸ் ஓமென்று தலையாட்டினான்.

பந்தியில் பரராசசிங்கத்துக்குத் தலைச்சொதி வைத்தது புஸ்பராணிதான். அவர் முதலில் விரல்நுனியால் கிளறினார். கன்னத்துச் சதையைத் தோண்டி வாயில் வைத்தார். சட்டியைத் தன்பக்கம் இழுத்துவைத்துக்கொண்டார். யதுசாவும் தாயும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு வேறுபக்கம் பார்த்தார்கள்.

பின்னேரம் அவர் புறப்பட்டபோது ஐஸ்பெட்டி கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. அதை நிமிர்த்தி அடுப்படி மேசையில் வைத்தார்.

"வெட்டாத மீன் கிடக்கே?"

"ஒண்டு கிடக்கு அத்தான்."

"தலையோடயோ?"

"தலையோடதான்."

"அதைத் தா. பழப்புளி எவ்வளவு விடுறது எண்டு யதுசாவிட்டைச் சொல்லிவிடு, ரெலிபோனில கேக்கிறன்." பீலிக்ஸ் கீழே ஓடிப்போய் எங்கேயோ ஐஸ் வாங்கிக்கொண்டு வந்தான். மீனை நடுவில் வைத்து மேலே ஐஸ் கொட்டினார்கள். மூடி சாத்தியதும் பரராசசிங்கம் பெட்டியைத் தோளில் ஏற்றினார். இந்தமுறையும் ஒருவரையும் பிடிக்க விடவில்லை.

புஸ்பராணி யன்னலடியில் நின்று பார்த்தாள். துறைமுகப் பக்கமிருந்து குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. கீழே அவர் காரின் பின்டிக்கியைத் திறந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சாத்தினார். முன்கதவைத் திறந்து, பெட்டியைச் சீற்றில் வைத்து, குனிந்து பெல்ட்டை இழுத்துப் பூட்டினார். பூட்டியது சரியோ என்று ஒருதரம் அசைத்துப் பார்த்துவிட்டு, மற்றப் பக்கத்தால் போய் ஏறினார்.