தங்கப்பழத்தின் இருமல்

இன்ஜின் வேலை முடிந்து வந்த பழைய காரில் தங்கப்பழம் சாவியைத் திருகினார். கார் அவருடைய குரலில் இருமியது. கிளம்பவில்லை.

கோவில்பட்டி மண்டபத்தில் அவர் மகள் செவ்வந்திக்குக் கல்யாணம். சொந்தக் காரில்தான் வருவேன் என்று வறட்டுப் பிடிவாதம் பிடித்து, சொந்தபந்தத்தை எல்லாம் வேனில் அனுப்பியிருந்தார். பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டியவர் இப்போது தெருவில் வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

மெக்கானிக் காஜா வந்து பானட்டைத் திறந்தார்.

“பேட்டரி நல்லாருக்கு. பெட்ரோல் வருது. காலையில காபி குடுத்தீங்களா?”

“யாருக்கு?”

“வண்டிக்குத்தான்.”

இன்ஜினைப் பிரித்த அன்று தங்கப்பழம் ஷெட் பெஞ்சில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியதுதான் வினை. திரும்ப மாட்டும்போது அவருடைய பாகங்களும் காருடைய பாகங்களும் மாறிவிட்டன.

“ரெண்டும் ஒரே வருஷத்து மாடல் அண்ணாச்சி. கழட்டிப் போட்டா அடையாளம் தெரியல” என்றார் காஜா.

தங்கப்பழம் இருமிப் பார்த்தார். ஹாரன் அடித்தது.

“மறுபடி மாத்தி மாட்டுய்யா!”

“மாட்டலாம். பொங்கல் கழியட்டும்.”

மனைவி ஜெயக்கொடி பட்டுப்புடவையோடு காபியை ஆற்றிக்கொண்டு வந்தாள். ரேடியேட்டரில் ஊற்றினாள். பானட்டை மெல்லத் தட்டினாள்.

“எந்திரிங்க. நம்ம பிள்ளைக்குக் கல்யாணம். நீங்க இல்லாம அவ கழுத்த நீட்ட மாட்டா.”

கார் உடனே ஸ்டார்ட் ஆனது.

தங்கப்பழத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் இப்படிக் குழைந்து பேசியதே இல்லை.

“ஏட்டி, புருஷன் நான் இங்க நிக்கேன்!”

“அப்ப ஏறுங்க.”

ஏறக் காலைத் தூக்கினார். கால் வரவில்லை. கார் காத்திருக்கவில்லை, ஜெயக்கொடியை ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டது. பொறாமையும் பயமுமாக அவருக்கு அழுகை வந்தது. கண்ணில் வைப்பர் ஓடியது.

காஜா அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். “அண்ணாச்சிக்கு செல்ஃப் எடுக்கல. தள்ளித்தான் விடணும்.”

தெருவே கூடித் தள்ளியது. முக்குக் கடை தாண்டியதும் இரண்டாவது கியரில் பிடித்துக்கொண்டார். மண்டபம் வரை நிற்கவே இல்லை.

வாசலில் வாட்ச்மேன் கையைக் காட்டினார். “வண்டியெல்லாம் பின்பக்கம்.”

உள்ளே மேடையில் நின்ற காரிலிருந்து அவருடைய இருமல் கேட்டது. “பொண்ணோட அப்பா வந்தாச்சு, பொண்ணக் கூப்பிடுங்க” என்று யாரோ சத்தம் போட்டார்கள். தங்கப்பழத்துக்கு வேறு வழி தெரியவில்லை. வாயைத் திறந்து ஹாரன் அடித்தார்.

பள்ளிக்கூட வாசலில் செவ்வந்தி சாயங்காலம் தோறும் கேட்ட ஹாரன் அது. மாலையோடு எழுந்து வாசலுக்கு ஓடி வந்தாள். பழக்க தோஷத்தில், கதவைத் திறப்பதற்காக அவர் கையைப் பிடித்தாள். கதவு இல்லை. பிடித்த கையை விடாமல் அப்படியே மேடைக்குக் கூட்டிப் போனாள்.