மிஷினுக்கு வந்த காய்ச்சல்

வேடந்தாங்கலுக்கு இரண்டு கிலோமீட்டர் இப்பால், ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு மாடி வீடு கட்டியிருந்தார் ஜானகிராமன். எட்டு ஜன்னல். கொத்தனாரைக்கூட நம்பாமல், எந்த ஜன்னலில் நுழைந்த காற்று எந்த ஜன்னலில் வெளியேற வேண்டும் என்று தானே நின்று வைத்த ஜன்னல்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் போதும், "எங்க வூட்டுக்கு எதுக்குபா ஏசி? ஜன்னலைத் தொறந்தா ஏரிக்காத்து!" என்று ஆரம்பித்துவிடுவார். அந்தப் பேச்சு ஊரில் பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. காற்றுதான் ஓடவில்லை.

அதில் வெந்தது மருமகள் திவ்யா. படூரில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணமாகி இங்கே வந்து இது இரண்டாவது கோடை. இனிமேல்தான் கட்டப்போகிற வீடுகளை, கட்டி முடித்துக் குடிபோன மாதிரியே கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுவது அவள் வேலை. வாரத்தில் இரண்டு நாள் நாவலூர் ஆபீஸ், மற்ற நாளெல்லாம் மாடி ரூம். வெயில் நேரே தலைமேல் இறங்குகிற ரூம் அது. கத்திரி தொடங்கியதிலிருந்து சுவரைத் தொட்டால் தோசைக்கல்தான். கழுத்து, முதுகெல்லாம் வேர்க்குரு. புருஷன் மோகன் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு கட்டை மாதிரி தூங்கிவிடுவான், அவனுக்கென்ன! அவளுக்குப் பொட்டுத் தூக்கமில்லை. போன வாரம் பாத்ரூமில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அழுதுவிட்டாள், வெட்கத்தைவிட்டுச் சொன்னால் அதுதான் உண்மை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு ஏசி. அவளே வாங்கிவிடுவாள், அது பிரச்சினையில்லை. மாமனார் வாயிலிருந்து 'சரி' என்று ஒரு சொல் விழ வேண்டும்.

கேட்டும் பார்த்தாள்.

"ஏசியா? ஏம்மா, எங்கெங்கேயோ தேசத்துலர்ந்து பறவைங்க இந்தக் காத்துக்கோசரம் பறந்து வருது. உனக்கு ஏசி கேக்குதா?"

"அதுங்களும் வெயில் ஆரம்பிச்சா கெளம்பிடுது மாமா."

மாமியார் முனியம்மா சிரிப்பை முந்தானையில் பொத்திக்கொண்டாள். ஜானகிராமன் சிரிக்கவில்லை. எழுந்து போய் எட்டு ஜன்னலையும் இன்னும் அகலமாகத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அனல் சௌகரியமாக உள்ளே வந்தது.

இந்த நிலைமையில்தான் மிஷினுக்குக் காய்ச்சல் கண்டது.

மிஷின் என்றால் திவ்யாவின் கம்ப்யூட்டர். ஏழு வருஷத்துக்கு முன்னால் முதல் சம்பளத்தில், விளையாடுவதற்கென்றே பார்த்துப் பார்த்து வாங்கியது. கல்யாணச் சீர்வரிசையில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே அதுவும் வேனில் ஏறி வந்தது. பகலில் வீடு வரையும், சாயங்காலம் பள்ளிக்கூடத் தோழிகளோடு அதில் சுட்டுத்தள்ளுவாள். துப்பாக்கிச் சத்தம் கேட்டால், "பாவம், இன்னும் ஆபீஸ் வேலை முடியல போல" என்று காபி கொண்டுவந்து வைப்பாள் முனியம்மா. சும்மா சொல்லக்கூடாது, தங்கமான மாமியார்.

அந்தத் திங்கட்கிழமை ஆபீஸ் மீட்டிங் நடுவில் திரை கறுத்துப்போயிற்று. மறுபடி போட்டாள், பத்து நிமிஷத்தில் மறுபடி கறுத்தது. பெட்டிக்குள்ளே படம் வரைகிற வேலையெல்லாம் பார்ப்பது கிராபிக்ஸ் கார்டு. அதன் சூட்டைக் காட்டும் எண்ணைத் திரை மூலையில் போட்டு வைத்துக் கவனித்தாள். தொண்ணூற்று நாலு.

அவள் புலம்பல் கேட்டு ஜானகிராமன் பதினெட்டுப் படி ஏறி, முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"ஹீட் ஆயி ஆஃப் ஆயிடுது மாமா. தொண்ணூத்தி நாலு டிகிரி."

"நமக்கே காய்ச்சல்னா நூறைத் தாண்டுதே. இது கம்மிதான?"

"அது வேற டிகிரி மாமா. இந்தக் கணக்குல இன்னும் ஆறு ஏறினா தண்ணி கொதிக்கும்."

மனிதர் ஆடிப்போய்விட்டார். மருமகளின் உத்தியோகம் அவருக்கு ஊரில் இன்னொரு பெருமை. "வேலை கீலை போயிடப் போகுது!" என்று பதறிக்கொண்டு கீழே போனவர், தன் கட்டில் தலைமாட்டிலிருந்த டேபிள் ஃபேனைத் தானே தூக்கிவந்து மிஷினுக்கு எதிரே வைத்தார். திவ்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரெண்டு கோடையா நான் வேகறேன், ஒரு விசிறி மட்டை நீட்ட ஆளில்லை, இதுக்குச் சூடுன்னதும் ஃபேன் நடந்து வருதே என்று பல்லைக் கடித்தாள்.

அன்றிலிருந்து வைத்தியம் ஆரம்பமாயிற்று. பவுடர் பிரஷ்ஷால் தூசி தட்டினாள். பெட்டியின் பின்பக்க விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். ம்ஹூம், தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே இறங்கமாட்டேன் என்றது. முனியம்மா தன் பங்குக்கு ஒரு ஈரத்துணியைப் பெட்டியின்மேல் போர்த்தப் போனாள். திவ்யா பாய்ந்து பிடித்ததால் வீடு தப்பித்தது.

புதன்கிழமை, டார்ச் அடித்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்துக் கார்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். கார்டின் வயிற்றில் இரண்டு சின்ன விசிறிகள். ஒன்று சுற்றுகிறது. இன்னொன்று அசையவே இல்லை. இடுக்கியை விட்டு நோண்டி இழுத்தாள். வந்தது, வந்துகொண்டே இருந்தது, ஒரு முழத்துக்குமேல் நூல். நூலோடு காய்ந்து சுருண்ட கனகாம்பரம்.

அட கடவுளே! பெட்டியின் கண்ணாடி மூடியின் திருகு தொலைந்து, ஆயுதபூஜையிலிருந்து அது திறந்தேதான் கிடந்தது. சோறு போடுகிற மிஷின் ஆயிற்றே என்று முனியம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி காட்டி, உள்ளே சிவப்பு விளக்கு எரிகிற இடம் எதுவோ அதுதான் மூலஸ்தானம் என்று முடிவுகட்டி, கார்டின் தலையில் ஒரு துண்டு பூச்சரம் வைத்துவந்திருக்கிறாள். சரம் நழுவித் தொங்க, கீழே விசிறி பக்தியோடு இழுத்துச் சுற்றிக்கொண்டது. ஏழு மாத வெள்ளிக்கிழமைகள் அத்தனையும் அதன் கழுத்தில் இருந்தன.

நூலை எடுத்துவிட்டு மிஷினைப் போட்டாள். அறுபத்தாறு. குஷியில் கத்தப் போனவள், வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்து யோசித்தாள். மனுஷிக்கு இரங்காத மாமனார் மிஷினுக்கு இரங்குகிறார். அப்படியானால் அதன் காய்ச்சல் இப்போதே குணமாக வேண்டுமா என்ன?

விசிறியின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் திரையிலேயே ஒரு கோடு உண்டு. மாமனாரின் செருப்புச் சத்தம் முதல் படியில் கேட்டதும் அதைக் கீழே இழுத்து விசிறியை நிறுத்திவிடுவாள். அவர் முட்டிவலியோடு பதினெட்டுப் படி ஏறி முடிக்க இரண்டு நிமிஷம் ஆகும். அவர் ஏற ஏற இங்கே எண்ணும் ஏறும். அவர் வாசலில் வந்து மூச்சு வாங்குகையில் சரியாகத் தொண்ணூறு!

"கொறையலியாம்மா?"

"இல்ல மாமா. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் தாங்கிக்குவேன். மிஷினுதான் தாங்காது போல கீது. ஏசி ரூம்ல வெச்சாத்தான் பொழைக்கும்."

'எனக்கு ஒண்ணும் இல்ல' என்பதை மூன்று நாளில் முப்பது தடவை சொல்லியிருப்பாள். அதை அவள் சொல்லும்போது மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே, பச்சைப்பிள்ளை கெட்டது.

ஜானகிராமன் லேசுப்பட்டவர் இல்லை. செங்கல்பட்டிலிருந்து முத்துசாமி என்ற கம்ப்யூட்டர் மெக்கானிக்கை சனிக்கிழமை வரவழைத்துவிட்டார். படியில் சத்தம் கேட்டதும் திவ்யா வழக்கம்போலக் கோட்டைக் கீழே இழுத்துவிட்டாள். முத்துசாமி பெட்டிக்குள் எட்டிப்பார்த்தான், திரையைப் பார்த்தான், கீழே இழுத்துவிட்ட அந்தக் கோட்டைப் பார்த்தான், அப்புறம் திவ்யாவைப் பார்த்தான். சட்டை முதுகோடு ஒட்டி அவனுக்கே வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. திவ்யா மாமனாருக்குத் தெரியாமல் இரண்டு கையையும் கூப்பினாள்.

"மிஷினு மேல தப்பு இல்ல சார்," என்றான் முத்துசாமி. "ரூமு சூடு. மிஷினு கீற ரூம்ல ஏசி போட்டாத்தான் தீரும். எங்க மச்சான் ஏசி மாட்டுறவருதான், சொன்னா திங்கக்கெழமையே வந்துடுவாரு."

ஜானகிராமன் துண்டால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "மிஷினுக்கோசரம்னா சரி," என்றார். அவனை வழியனுப்ப அவனோடேயே படியிறங்கிப் போனார்.

திவ்யா கட்டிலில் விழுந்து தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். மோகனிடம் சொன்னபோது அவன் நம்பவேயில்லை. "எங்க நைனாவா? சரின்னாரா?" என்று நாலு தடவை கேட்டான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எந்தச் சுவரில் மாட்டினால் எந்தப் பக்கம் காற்று அடிக்கும் என்று இரண்டு பேரும் தலையணையை மாற்றிப் போட்டுப் படுத்துப் பார்த்தார்கள்.

அந்த வாரம் திங்கட்கிழமையே நாவலூர் ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தது. அவளுக்கு அங்கே வேலையே ஓடவில்லை. மதியம் முனியம்மா போன் செய்து, "மாட்டிட்டாங்க கண்ணு, ஜில்லுனு கீது" என்றாள். சாயங்காலம் இருட்டுவதற்குள் வீடு சேர்ந்தவள், செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் மாடிக்கு ஓடினாள். ரூமில் அதே தோசைக்கல் சுவர். ஏசி இல்லை. சரி, அது போகட்டும், மிஷினையும் காணோம்!

கீழே வந்தாள். மாமனார் ரூம் கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவு பகலில் சாத்தி அவள் பார்த்ததில்லை, பத்து வருஷத்தில் யாருமே பார்த்ததில்லை. தள்ளினாள். குளிர் முகத்தில் வந்து அடித்தது. ஜன்னல்களெல்லாம் இறுக மூடி, திரைபோட்டு, கட்டிலில் கழுத்துவரை போர்வையோடு ஜானகிராமன் சாய்ந்திருந்தார். பக்கத்தில் முனியம்மா தலைக்கு மஃப்ளர் கட்டியிருந்தாள். மூலையில் ஒரு ஸ்டூலின்மேல் மிஷின்.

"வாம்மா. மாடியில வெயிலு சாஸ்தி, ஏசி போட்டாலும் நிக்காதுன்னான் முத்துசாமி மச்சான். அதான் மிஷினை இங்க எறக்கிட்டோம். நீ பகல்ல இங்க உக்காந்து வேலை பாரு. ராத்திரிக்கு மேல போய் படுத்துக்க. உனக்குத்தான் ஒண்ணும் இல்லியே, நீ தாங்கிக்குவே."

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். மூன்று நாள் திவ்யா தாக்குப்பிடித்தாள். பகலில் குளிர்ந்து, ராத்திரியில் வெந்து, அது முன்னைவிட மோசமாக இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் உண்மையைச் சொல்லி ஏசியை மாடிக்குக் கேட்டுவிடுவது என்று போய் நின்றாள்.

"மாமா, ஒண்ணு சொல்லணும். மிஷினு சரியாயிடுச்சு."

"தெரியும்மா."

"இல்ல, ஏசி போட்டதால இல்ல. முன்னாடியே…"

"முன்னாடியே சரியாயிடுச்சு, அதுவும் தெரியும். முத்துசாமி படி எறங்கசொல்லவே சொல்லிட்டான், உங்க மருமவ விசிறியை நிறுத்தி வெச்சிகினு கீதுன்னு."

"தெரிஞ்சுமா ஏசி போட்டீங்க?"

"இன்னா பண்ண சொல்றே?" போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார் ஜானகிராமன். "பத்து வருசமா நானும்தான் இந்த வூட்டுல வேவுறேன். எட்டு ஜன்னல், ஏரிக்காத்துன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிட்டு, எந்த மூஞ்சியை வெச்சிகினு ஏசி வாங்குறது? நல்லவேளையா மிஷினுக்கு காய்ச்சல் வந்துது."

வாய்விட்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள் திவ்யா. கடைசியில் சிரிப்புதான் வந்தது, கண்ணில் தண்ணீரோடு.

"அப்ப மிஷினு?"

"அதான் கொணமாயிடுச்சே. மாடிக்கே எடுத்துகினு போயிடு. டுமீல் டுமீல்னு அது பேஜாரு தாங்கல."

"ஊர்ல கேட்டா?"

"மிஷினுக்குதான் ஏசின்னு சொல்லிக்கலாம். எவன் உள்ள வந்து பாக்கப் போறான்?"

திவ்யா மிஷினை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டாள். நல்ல கனம். வாசலைத் தாண்டி அனலில் ஒரு கால் வைக்கையில், மஃப்ளருக்குள்ளிருந்து முனியம்மாவின் குரல் வாஞ்சையோடு வந்தது:

"கதவை நல்லா சாத்திட்டு போ கண்ணு, கூலிங் போயிடும்."