இடம் மாறிய மட்டிகள்

சட்டியில் கொட்டிய மட்டிச் சிப்பிகளைத் தேய்த்துக் கழுவும்போது கட்டைவிரலில் ஏதோ இடறியது. ஓட்டின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடு, நகம் சிக்கும் அளவுக்கு ஒரு பள்ளம். சின்னவள் இன்னொன்றை எடுத்தாள். அதிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது.

மட்டியை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் போட்டால் சில நாள் வளராமல் விறைத்துக் கிடக்கும். பிறகு வளரும்போது அந்த அதிர்ச்சி ஓட்டில் கோடாக நின்றுவிடும். உப்பங்கழி நீர் சூடாகி, ஆதியிலிருந்து அவர்களுடைய சனத்துக்குச் சோறு போட்ட சேற்றுத்திட்டு வாய்பிளந்த ஓடுகளாகச் செத்தபோது, மிச்சமிருந்த குஞ்சுகளை ஈரச்சாக்கில் சுமந்துபோய்க் குளிர்ந்த நீரோடும் முகத்துவாரத்தில் விதைத்தார்கள். முகம் பார்த்துப் பேசாத சம்பந்திகள்கூட ஒரே சாக்கின் இரண்டு முனைகளைப் பிடித்தார்கள். இரண்டு முறை குஞ்சு விடும்வரை யாரும் கைவைப்பதில்லை என்று பேச்சு. அதை முதலில் சொன்னவள் அக்கா. அவள் சொன்னதால்தான் ஊர் கேட்டது.

“என்னடி, மட்டி கழுவறியா, பிள்ளையைக் குளிப்பாட்டறியா?” கூடத்தில் சின்னவளின் குழந்தையை மடியில் போட்டிருந்த அக்கா கேட்டாள். “கை வலின்னு இன்னிக்கு உரிக்காம ஓட்டோட கொண்டாந்தது தப்பாப் போச்சு.”

சின்னவள் ஒரு மட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். அக்கா அதைப் பார்க்கவில்லை.

“இத்தனை நாளா சாறு வெச்சுக் குடுத்தியே. அதுவும் இதுதானாக்கா?”

“ஓட்டை எடுத்துட்டா எல்லாம் மட்டிதான்.” சிரித்தாள். பிறகு குரல் தணிந்தது. “உனக்குப் பால் ஊறல. இவ காஞ்சு கிடந்தா. ஊரைக் கூட்டிக் கேக்கச் சொல்றியா?”

“கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க.”

“அதான் கேக்கல. அப்புறம் ஆளுக்கொரு காரணத்தோட வந்து நிப்பாங்க.”

சின்னவள் நீட்டிய மட்டியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். அந்தச் சாற்றின் ருசி நாக்கின் அடியில் இன்னும் இருந்தது. தனக்காகச் செய்தாள் என்பதை நம்பவும் முடிந்தது. அதுதான் கூடுதலாக வலித்தது.

மறுநாள் நீர் வடிந்ததும் ஊரார் எல்லோரும் முகத்துவாரத்துத் திட்டைப் பார்க்கப் போனார்கள். சின்னவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பாதித் திட்டு கிளறப்பட்டு, குழி குழியாகக் கிடந்தது. ஒருத்தியின் சாற்றுக்கு இவ்வளவு சேற்றைக் கிளற வேண்டியதில்லை. அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா எல்லோரையும்போல நெஞ்சில் கைவைத்து நின்றிருந்தாள்.

“அக்கரைக்காரன் வேலை!” ஓட்டைவாய்ச் சித்தி கத்தினாள். “நம்ம சனம் செய்யுமா? உப்புத் தண்ணியில பொறந்தவ எவளும் செய்ய மாட்டா!”

“காவல் போடணும்,” என்றார் படகுக்காரர். “இருக்கறதை வெச்சுத்தான் மறுபடி பெருக்கணும். யாரைப் போடலாம்?”

“இது ஒரு கேள்வியா? வழி சொன்னவளே பாத்துக்கட்டும்.” சித்தி அக்காவைக் காட்டினாள்.

அக்கா தயங்கினாள். அந்தத் தயக்கம்கூட அழகாக இருந்தது.

“தங்கச்சி துணைக்கு நின்னா நிக்கறேன்,” என்றாள்.

எல்லா முகங்களும் சின்னவள் பக்கம் திரும்பின.

“சொல்லேன்டி,” சித்தி அவசரப்படுத்தினாள். “தண்ணி ஏறுது பாரு.”

கணுக்காலைத் தொட்ட நீர் இப்போது இங்கேயும் சூடாக இருந்தது. அது ஒவ்வொரு குழியாக இறங்கி, நிரம்பி, அடுத்ததற்குப் போனது. அவள் வாயைத் திறந்தபோது, திட்டு முழுவதும் ஒரே மட்டமாக, மினுமினுவென்று பரந்து கிடந்தது.