ஒன்றரை ஆம்பியர்

டியூஷன் சென்டரில் வாத்தியாருக்கு 'மின்னல்' என்று பட்டப்பெயர். பேட்டரியும் ரெசிஸ்டரும் போட்ட படத்தைப் பலகையில் வரைந்து முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவார். போட்டித் தேர்வில் நேரம்தானே எல்லாம்? அவருடைய குறுக்குவழிக்காகவே பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷனைத்தான் பக்கவாதம் கட்டிலில் தள்ளியது. கையும் காலும் தேறிவிட்டன. தலைக்குள் என்ன தேறியது, என்ன போனது என்று யார் கண்டார்கள்!

சென்டரை நடத்துபவன் வாத்தியாரின் மனைவிக்குத் தம்பி. "மாமாவை நான் வேண்டாம்னு சொல்வேனாக்கா? பசங்க முன்னாடி தடுமாறினா அவர் மானம்தான் போகும். தினம் ரெண்டு கணக்குக் குடுத்துப் பாரு. நீ சரின்னா அனுப்பு" என்று பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனான். வாத்தியாரின் விடைத்தாள்களை வருஷக்கணக்காகத் திருத்தியவள் அவள். கணக்கு அவளுக்கும் அத்துப்படி.

இன்றைய கணக்கைப் படித்தாள். "பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. நாலு ஓம் ரெசிஸ்டர் ரெண்டு, பக்க இணைப்புல. மொத்தக் கரண்ட் எவ்வளவு?"

"ஒன்றரை ஆம்பியர்!"

அடக் கடவுளே! பக்கம்பக்கமாகப் போட்டால் கரண்டுக்கு இரண்டு வழி. தடை பாதியாகும், விடை ஆறு. இவரோ இரண்டையும் ஒரே வரிசையில் கோத்து, எட்டாக்கி வகுத்துவிட்டார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் விடுகிற பிழை. வேகம் மட்டும் பழைய வேகம்தான், பாவி மனுஷனுக்கு.

அவர் முகம் மலர்ந்திருந்தது. "சரிங்க" என்றாள். நேற்றும் முந்தாநாளும் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

"அப்பப் போதும், இன்னிக்கே கிளம்புறேன். உன் தம்பிக்குப் போன் போடு."

தேய்த்த சட்டையை மாட்டிக்கொண்டு அவர் எழுந்துவிட்டார். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்தான் சோற்றில் மறைப்பது? ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"போகாதீங்க. தப்பு. ஆறு வரணும்."

"ஆறா?" கதவின் மேலேயே விரலால் படம் வரைந்து பார்த்தார். மறுபடியும் வரைந்தார். பிறகு, "விடு, ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"நேத்து சரின்னு சொன்னியே, அது?"

அவள் தலை குனிந்தாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நான் சொல்றது சரியா தப்பான்னு எனக்கே தெரியலை. உன்னைத்தான் நம்பினேன். இனிமே யாரைக் கேட்பேன்?"