தாய்மாமன் எடுத்த தாவணி

இசக்கித்தாய் பெரிய மனுஷி ஆனதில் எனக்குக் கொஞ்சமும் சந்தோஷமில்லை. எழுபத்தாறில், சங்கரன்கோவில் பெண்கள் பள்ளியில், ஒன்பதாவது வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் அவள். குருவிகுளத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். இனி பஸ்ஸும் வேண்டாம், படிப்பும் வேண்டாம் என்று அவள் அப்பா பரமசிவன் சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். அவள் இல்லாத பெஞ்சில் உட்காரவே எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது பினாங்கில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். பத்திரிகையின் பேனா நண்பர் பகுதியில் கிடைத்த மஹ்பூபா. சினிமாவைப் பற்றி எழுத ஆரம்பித்தவர்கள், எப்படியோ இரண்டு ஊரிலும் பெண்பிள்ளைகளின் படிப்பு நிற்கிற கதைக்கு வந்து சேர்ந்தோம். அங்கே அவள் வகுப்புப் பெண்கள், இங்கே நாங்கள் நாலு பேர். யார் படிப்பு நின்றாலும் இரண்டு ஊரும் சேர்ந்து பார்ப்பது என்று பேச்சு. அங்கே ஒருத்தியை நிறுத்தியபோது, எங்களுக்குப் பக்கத்து ஊரான திருவேங்கடத்திலிருந்த அவளுடைய பெரியப்பாவை நாங்கள் போய்ப் பிடித்தோம். எங்கள் தொல்லை தாங்காமல் அவர் தம்பிக்குக் கடிதம் போட்டார். அவள் மறுபடி பள்ளிக்கூடம் போனாள்.

இப்போது எங்கள் முறை. இசக்கியின் தாய்மாமன் வேல்சாமி பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். அவர் தை மாதம் கப்பலேறி வந்த பிறகுதான் சடங்கு. தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும், மாமன் எடுத்து வந்த துணியைத்தான் அவள் முதலில் உடுத்த வேண்டும். அதை வேண்டாமென்று சொல்ல எந்த அப்பனாலும் முடியாது. இதையெல்லாம் விளக்கி, இசக்கியின் ரவிக்கை அளவையும் சேர்த்து மஹ்பூபாவுக்கு எழுதினேன்.

அவளும் கூட்டாளிகளும் கடைக்கே போய் உட்கார்ந்துவிட்டார்கள். வேல்சாமி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பப் பார்த்திருக்கிறார். டீயைக் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்களாம். கடைசியில் அவர் துணி கிழித்துக் கொடுக்க, அவர்களே தைத்துக் கொடுத்தார்கள்.

சடங்கன்று பினாங்குப் பட்டுச் சேலையை எதிர்பார்த்துப் பந்தலே காத்திருந்தது. இசக்கியோ வெள்ளை ரவிக்கையும் சாதா நீலத் தாவணியுமாக வந்து மணையில் உட்கார்ந்தாள். கூட்டம் முணுமுணுத்தது. எனக்கு வேறு காரணத்துக்காகப் பகீரென்றது. எங்கள் பள்ளிச் சீருடையில் தாவணி பச்சை; கடிதத்தில் நிறத்தை எழுத மறந்திருந்தேன். பள்ளிக்கூடம் என்றால் எந்த ஊரிலும் தங்களுடைய நீலம்தான் என்று அந்தப் பெண்கள் நினைத்துவிட்டார்கள்.

பரமசிவனுக்கு முகம் சிவந்துவிட்டது. இது என்ன துணி என்று மச்சினனைக் கேட்டார்.

வேல்சாமி எழுந்து நின்றார். "பள்ளிக்கூட உடுப்பு, அத்தான். இவ படிக்கணும்னு கடலுக்கு அங்கிட்டு இருக்க பிள்ளைக தச்சுக் குடுத்திருக்கு. தாய்மாமன் நான், படிக்க வேண்டாம்னு சொல்லவா?"

மணையில் உட்கார்ந்த பெண் தலை குனிந்தபடி இருக்க வேண்டும். இசக்கி குனியவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரமசிவன் மணைக்குப் பக்கத்தில் வந்தார். பிறகு தாவணியின் முந்தியைத் தொட்டுப் பார்த்தார்.

"கலரு தப்பு மாப்ள," என்றார். "இங்கன பச்சைல்லா. திங்கக்கிழமைக்குள்ள நான் எடுத்துத் தாரேன்."