பௌலாசியின் உதடு

வவாவூ தீவில் பௌலாசிக்கு நிகராக ட்ரம்பெட் ஊத ஆளில்லை. ஆனால் அதைக் காதால் கேட்டவர்கள் கொஞ்சம்தான். தனி வாசிப்பு உனக்குத்தான் என்று சொல்லிவிட்டால் போதும், மூன்றாம் நாள் அவன் உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் கிளம்பிவிடும். தேவாலய ஆண்டு விழாவில் மூன்று வருடமாக அவன் சும்மா உட்கார்ந்திருக்க, விலிசோனிதான் ஊதினான். விலிசோனி ஊதினால் மேய்கிற பன்றிகூட எழுந்து போய்விடும்.

"இந்தத் தடவையும் கைவிட்டான்னா அந்த இடம் இனிமே நிரந்தரமா விலிசோனிக்குத்தான்" என்று பேண்டுத் தலைவர் லிசியாதே கறாராகச் சொல்லிவிட்டார்.

ஊரார் ஆளுக்கொரு பச்சிலை கொடுத்தார்கள். பௌலாசியின் மனைவி அகனேசி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு விஷயம் தெரியும். கணவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்: "அந்தக் கிருமி ஒன் நரம்புக்குள்ளேயே குடித்தனம் பண்ணுது. நீ பயந்து நடுங்குனா ஒடம்புல இருக்கற காவல் அசந்துடும். அது வெளிய வந்து உக்காந்துக்கும்."

"அப்ப பயப்படாம இருக்க மருந்து குடு."

அதற்குத்தான் மருந்தில்லை. எனவே அவள் லிசியாதேயைத் தனியாகப் பிடித்து ஒரு திட்டம் சொன்னாள். இந்த வருடமும் விலிசோனிதான் என்று எல்லோர் முன்னும் அறிவிக்க வேண்டும். விழா மேடையில்தான் பௌலாசியைக் கூப்பிட வேண்டும். பாட்டு அவனுக்குத் தூக்கத்தில்கூட வரும்.

பௌலாசி இரண்டு வாரம் ராஜாவாக இருந்தான். வயிறு முட்டச் சாப்பிட்டான், விலிசோனியைக் கிண்டலடித்தான், குளிக்கும்போதும் ஊதினான். உதடு பளபளவென்று இருந்தது. அகனேசிக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஆண்கள் கூடி உட்கார்ந்து காவா என்ற மயக்கப் பானம் குடிக்கிற இடத்தில் லிசியாதே உளறிவிட்டால்? மேடையில் இவன் மயங்கி விழுந்தால்? ரகசியத்தைக் கட்டிக்காப்பது அவ்வளவு பெரிய பாடு என்று அவள் நினைத்திருக்கவில்லை.

விழாவன்று காலை, விசேஷத்துக்கு உடைமேல் சுற்றும் பின்னல் பாயை இடுப்பில் கட்டிக்கொண்டே பௌலாசி அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஏடி, உதட்டுல என்ன?"

"எறும்பு கடிச்சிடுச்சு."

"இந்த எறும்ப எனக்கு இருவது வருசமாத் தெரியும். ஒனக்கு எங்கேருந்துடி வந்துச்சு?"

"கல்யாணமான புதுசுல நீ குடுத்ததுதான். இத்தன நாள் பேசாமக் கெடந்துச்சு."

"எதுக்குப் பயந்த?" என்று கேட்டவன், பதிலுக்குக் காத்திராமல் தொப்பென்று உட்கார்ந்தான். "ஊதப் போறது நான்தானா?"

அவள் தலையாட்டினாள். அவன் கை தானாக உதட்டுக்குப் போனது.

"சுறுசுறுங்குது அகனேசி."

"சும்மா கத விடாத. நரம்பு வழியா நடந்து உதட்டுக்கு வந்து சேர அதுக்கு ரெண்டு நாளாவது வேணும். ஒன் பேரக் கூப்பிட இன்னும் அரை மணிதான் இருக்கு."

பௌலாசி விரல்விட்டுக் கணக்குப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். பயம் இருந்தது, பயந்து பிரயோஜனமில்லை என்றும் தெரிந்துவிட்டது.

அன்று அவன் ஊதியதில் விலிசோனியே எழுந்து நின்று கைதட்டினான். அகனேசி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். புண்ணை மறைக்கத்தான் பொத்தினாள், ஆனால் அழுததும் நிஜம்.

மூன்றாம் நாள் கொப்புளம் சொன்னபடி வந்துசேர்ந்தது. புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து, வாயை முழுதாகத் திறக்க முடியாமல், வள்ளிக்கிழங்கைத் துணுக்குத் துணுக்காகத் தின்றார்கள்.

"லிசியாதே வந்தாரு. அடுத்த வருசமும் நான்தானாம்" என்றான் பௌலாசி.

"இப்பவே ஏன்யா சொன்னாரு அந்த மனுசன்!" என்று அலறிய அகனேசி, வலி தாங்காமல் உதட்டைப் பிடித்துக்கொண்டாள்.